சனிக்கிழமை ஏக்க வகுப்பு

இராசேஸ்வரிக்கு அமெரிக்கா போக வேண்டும் என்று ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. அக்கா பூமணியைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. அக்கா இருந்த இடம் அமெரிக்காவாகப் போய்விட்டது, அதுதான் தொல்லை.

பூமணி கல்யாணமாகி ஒஹாயோவுக்குப் போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகன் வேலை தேடி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். அவளால் விமானம் ஏற முடியாது. இராசேஸ்வரியால் முடியும். ஐம்பத்தேழு வயதுக்கு அவள் முழங்கால்கள் நன்றாகவே இருந்தன. வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளை அடுக்கிவிட்டு ஓய்வு பெற்றவள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். பெட்டியைக் கட்டினால் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம்.

அப்படிச் சுலபமாகப் புறப்பட முடிந்ததுதான் அவளுடைய குற்றம் என்று 1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் தெரிந்தது. அமெரிக்க விசா சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கணவர்?"

"கல்யாணம் ஆகவில்லை."

"பிள்ளைகள்?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படிவத்தில் அடுத்த வரிக்குப் போனார்.

"பெற்றோர்?"

"காலமாகிவிட்டார்கள்."

"வேலை?"

"ஓய்வு பெற்றுவிட்டேன்."

"நீங்கள் திரும்பி வராவிட்டால் இங்கே யாராவது உங்களைத் தேடுவார்களா?"

அரசாங்க வேலை பார்த்தவள், கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியே பழகியவள். யோசித்துப் பார்த்தாள். "மாதக் கடைசியில் பேப்பர்காரர் தேடுவார்" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, சொந்த நாட்டில் பற்றுக்கோடு இல்லாதவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், நிலைமை மாறியதும் தாராளமாக மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். இது இரண்டாவது தடவை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஐம்பத்தேழு வயதில் ஒரு பெண்ணின் நிலைமை எந்தெந்த வகையில் மாறக்கூடும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரம் தமிழ்ப் பத்திரிகையில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில், ஒரு விளம்பரம் வந்திருந்தது. 'அமெரிக்கா மறுத்துவிட்டதா? நாட்டை மாற்றிப் பாருங்கள்!'

விலாசம் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு சேலைக் கடையின் மாடியில், 'செயின்ட் ஓஸ்வால்டு தீவுக் குடியரசு, கௌரவத் தூதரகம்' என்று பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே ஒரு கொடி, மீசை வைத்த அதிபரின் படம், சுவரோரம் கூரைவரை அடுக்கிய தண்ணீர் வடிகட்டிப் பெட்டிகள். கௌரவத் தூதர் சபாபதி ஒரு வருஷத்துக்கு முன்புவரை அந்த வடிகட்டிகளைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கிளாஸ் வடிகட்டிய தண்ணீர் கொடுப்பது தூதரக மரபாகவே ஆகியிருந்தது.

அவள் தன் கதையைச் சொன்னாள். சபாபதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, உங்க கேஸ் ரொம்ப சிம்பிள் லா. உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு நாடு. அந்த நாட்டுல உங்களுக்கு ஒருத்தரும் இல்ல. அதனால அவன் நம்ப மாட்டேங்கறான். இப்ப நீங்க ரெண்டாவதா ஒரு நாடு எடுத்துக்கிறீங்க. அங்கயும் உங்களுக்கு ஒருத்தரும் இல்ல. ஆனா அது அவனுக்குத் தெரியாது."

"அது பொய் இல்லையா, சார்?"

"பொய்யா? நீங்க அங்க முதலீடு போடுறீங்க. முதலீடு போட்ட குடிமகனுக்கு நாடு சொந்தம். அமெரிக்காவும் ஓஸ்வால்டும் ஒப்பந்தம் போட்ட நாடுங்க. நம்ம பாஸ்போர்ட்டக் காட்டினா எழுந்து நிப்பான்."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

சபாபதி அதிபரின் படத்தை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். "போகணும்னு ஆசைதாம்மா. வேலை விடமாட்டேங்குது."

செமினியில் அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலம் இருந்தது. இராசேஸ்வரி அதை விற்றாள். ஒஹாயோ டிக்கெட்டுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைச் செயின்ட் ஓஸ்வால்டில் கட்டப்போகிற ஒரு கடற்கரை ஹோட்டலில் போட்டாள். முதலீட்டாளர் ஒவ்வொருவருக்கும் ஹோட்டலில் ஒரு பாகம் எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு வந்த சான்றிதழில், நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கம் அவளுக்கும் அவள் வாரிசுகளுக்கும் உரியது என்று எழுதியிருந்தது. கிள்ளானிலிருந்து வந்த கன்னையாவுக்கு லிஃப்ட் கிடைத்தது. ஹோட்டல் ஒரே ஒரு தளம்தான் என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

கன்னையா மூன்று லோரி வைத்திருப்பவர். சிக்காகோவில் படிக்கப்போன மகன் படிப்பு முடிந்தும் வரவில்லை. கூட்டி வராவிட்டால் பேசமாட்டேன் என்று மனைவி வீரம்மா சொல்லிவிட்டாள். விசா சன்னலில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நாலு அறை விட்டு இழுத்துட்டு வரப் போறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அதனால் அவரும் நாடு மாற வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் விசுவாசப் பிரமாணம் நடந்தது. கேசட்டில் தேசிய கீதம் ஓட, வலது கையை உயர்த்தி, மீசை வைத்த அதிபருக்கு உயிருள்ளவரை விசுவாசமாக இருப்போம் என்று சொன்னார்கள். மே மாதம் அந்த அதிபர் கவிழ்ந்தார். சுவரில் மீசை இல்லாத ஒருவர் வந்தார். பழைய பிரமாணம் செல்லாது என்று கடிதம் போட்டு எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார்கள். ஜூலையில் மீசைக்காரரே திரும்பி வந்துவிட்டார். அப்படியானால் முதல் பிரமாணமே போதுமே என்று கன்னையா கேட்டார்.

சபாபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "நடுவுல ஒருத்தருக்கு விசுவாசமா இருந்தீங்களா இல்லியா? அது துரோகம் லா. துரோகம் பண்ணினவங்க மறுபடி சத்தியம் பண்ணித்தான் ஆகணும். விசுவாசம்கறது நாட்டுக்கு. ஆனா கட்டணம் ஆளுக்கு ஆள்."

மூன்றாவது தடவை கன்னையா படி ஏறும்போதே வலது கையை உயர்த்திக்கொண்டு வந்தார்.

பாஸ்போர்ட் கையில் வந்த பிறகுதான் வகுப்பு ஆரம்பித்தது. காரணம் ரவாங்கிலிருந்து வந்த ஒரு குடிமகன். விசா சன்னலில் உங்கள் நாட்டின் தலைநகர் எது என்று கேட்டபோது, பதற்றத்தில் "ரவாங்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே சபாபதி எல்லோருக்கும் சனிக்கிழமை தோறும் 'தாய்நாட்டு ஏக்கப் பயிற்சி' கட்டாயம் என்று அறிவித்தார். முதல் வகுப்பில் அவரே பேசினார்.

"அமெரிக்காக்காரன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நீ திரும்பிப் போவியா? அதுக்குப் பதில் வாயில இருந்து பிரயோஜனம் இல்ல, முகத்துல இருக்கணும். முகத்துல வரணும்னா உள்ள ஏக்கம் இருக்கணும். ஏக்கம் வரணும்னா பாடத்திட்டம் இருக்கணும். அந்தப் பாடத்திட்டத்த நானே எழுதியிருக்கேன், ரெண்டே நாள்ல."

கன்னையா எழுந்தார். "சார், பாக்காத ஊர நெனச்சு எப்பிடி சார் ஏங்கறது?"

"பாத்த ஊர நெனச்சு யாரு ஏங்கறா? நீங்க கிள்ளான நெனச்சு ஏங்கியிருக்கீங்களா?"

"நான் கிள்ளான விட்டு எங்கயும் போனதில்லியே, சார்."

"பாத்தீங்களா? அனுபவம் இல்ல. அதான் கிளாஸ்."

பாடம் நடத்தியவர் நல்லம்மாள், சபாபதியின் மனைவிக்கு அக்கா, பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கையைத் தட்டித் தட்டித் தேசிய கீதம் சொல்லிக் கொடுத்தார். பிறகு விளக்கை அணைத்து எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். "இப்ப நாம நம்ம ஊருக்குப் போறோம். கப்பல்துறை தெரியுதா? சுங்கக் கட்டடத்து மணி அடிக்குது. ஜாதிக்காய்த் தெருவுல நடக்கிறோம். பன்னிரண்டாம் நம்பர் வீடு நம்ம வீடு. ஞாயித்துக்கிழமை மீன் சூப் வாசம் வருது. வராந்தாவுல யாரு உக்காந்திருக்கா, பாருங்க." விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து மதிப்பெண் போடுவார். மொத்தம் பத்து. கண் கலங்கினால் ஆறு. வழிந்தால் எட்டு.

கன்னையாவுக்கு எப்போதும் ஒன்றுதான். மீன் சூப் என்றதும் அவருக்குப் பசி வந்துவிடும்.

இராசேஸ்வரி முதல் நாளே வராந்தாவில் பூமணியைக் கண்டாள். காலை நீட்டிக்கொண்டு, நாற்காலியில் ஒருக்களித்து, இப்போதுபோல் வீங்கியிராத கையால் விசிறிக்கொண்டு இருந்தாள். பார்த்ததும், எங்கேயடி போனாய் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். விளக்கு வந்தபோது இராசேஸ்வரியின் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. நல்லம்மாள் பத்துக்குப் பத்து போட்டு, மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் சனிக்கிழமைக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமையே சேலையைத் தேய்த்து வைத்தாள். பாடத்துக்கு நடுவில் கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பும் தேநீரும் வரும். கன்னையா லோரி டிரைவர்களைப் பற்றிப் பேசுவார். யாராவது, "அக்கா, இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்பார்கள். மற்ற ஆறு நாளும் அவளை யாரும் எதையும் எடுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை கனைத்துப் பார்த்தாள். இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக. அதற்குப் பிறகு கிழமை நாட்களிலும் தூதரகத்துக்குப் போய், குப்பையாய்க் கிடந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கினாள். சபாபதி சம்பளம் தரவில்லை. ஒரு சாவி கொடுத்தார்.

ஞாயிறு காலையில் அக்காவின் போன் வரும், அம்மாவின் ஊர்ப் பேச்சில். அங்கே சனிக்கிழமை இரவு.

"என்னடி ராசு, புது நாடு எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அக்கா. நேற்று எனக்குப் பத்துக்குப் பத்து."

"எதுக்கு?"

"அழுததுக்கு."

பூமணி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "சின்னனில அம்மா அடிச்சாலும் நீ அழமாட்டாய். உனக்கே பத்தோ?" பிறகு மூச்சு வாங்கி, "கெதியா வா ராசு. கை எல்லாம் வீங்கிக் கிடக்கு. ஒரு கிழமை என்னோட வந்திருந்தாய் எண்டாப் போதும். நான் சமைக்கச் சொல்லமாட்டன். சும்மா பக்கத்தில இரு."

"வாறன் அக்கா. அடுத்த மாசம் இன்டர்வியூ."

அக்டோபரில் அந்தச் சன்னலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். இராசேஸ்வரி செயின்ட் ஓஸ்வால்டு பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி எழுந்து நிற்கவில்லை. ஆனால் ஆர்வமாகப் புரட்டினார்.

"எதற்காகப் போகிறீர்கள்?"

"என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை."

"திரும்பி உங்கள் தீவுக்குப் போய்விடுவீர்களா?"

இராசேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். கப்பல்துறையைச் சொன்னாள், மணியைச் சொன்னாள், ஜாதிக்காய்த் தெருவைச் சொன்னாள். வராந்தாவுக்கு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு இனி அதிக நாள் இல்லை, பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னாள். பாடத்திட்டத்தில் இல்லாத வரி அது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை இராசேஸ்வரி பார்த்தாள்.

"தன் நாட்டைப் பற்றி இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை" என்றார் அதிகாரி. பிறகு, கடமைக்காக, கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "இதில் மலேசிய நுழைவு முத்திரை இல்லையே. நீங்கள் மலேசியாவுக்குள் எப்படி வந்தீர்கள்?"

"பிறந்து வந்தேன்."

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடினார். பிறகு மெதுவாக விளக்கினார். தன் தீவின்மேல் இவ்வளவு பற்று உள்ளவர்கள் அந்தத் தீவைக் கவனிக்கும் அமெரிக்க அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது பக்கத்துத் தீவில் இருக்கிறது.

"அங்கே எப்படிப் போவது?"

"மயாமியிலிருந்து சிறிய விமானம் போகிறது."

"மயாமி அமெரிக்காவில்தானே இருக்கிறது?"

"ஆமாம்."

"மயாமிக்குப் போக விசா வேண்டுமே?"

"வேண்டும்" என்றார் அதிகாரி. சன்னலுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக, காகிதக் கைக்குட்டை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

சபாபதிக்கு இதில் துக்கப்பட ஒன்றும் தெரியவில்லை. "இது பெரிய முன்னேற்றம்மா! போன தடவ பற்று இல்லன்னு மறுத்தாங்க. இந்தத் தடவ பற்று ஜாஸ்தின்னு மறுக்கிறாங்க. நடுவுல எங்கயோதான் விசா இருக்கு. பக்கத்துத் தீவுக்கும் ஒரு தூதரகம் ஆரம்பிக்கலாமான்னு பாக்கறேன்."

நவம்பர் இரண்டாம் வாரம் பூமணி இறந்துபோனாள். மகன்தான் போன் செய்தான். ஆன்டி, தூங்கும்போதே போயிட்டாங்க என்று ஆங்கிலத்தில் சொன்னான். வெள்ளிக்கிழமை தகனம், வேண்டுமானால் வீடியோ கேசட் அனுப்புகிறேன் என்றான். இராசேஸ்வரி வேண்டாம் என்றாள். அக்கா கடைசியாக ஏதாவது கேட்டாளா என்று விசாரித்தாள். அன்றைக்கு அவன் அங்கே இல்லை. அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் தேய்த்த சேலையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். போவதற்கு வேறு இடம் இல்லை. நல்லம்மாள் விளக்கை அணைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கப்பல்துறை வந்தது, மணி அடித்தது, தெரு வந்தது. வராந்தாவில் நாற்காலி மட்டும் இருந்தது. விளக்கு வந்தபோது அவள் கண் காய்ந்து கிடந்தது. நல்லம்மாள் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இரண்டு மதிப்பெண் போட்டார். அதுவும் பழைய மாணவி என்பதற்காக. அக்கா போய்விட்டாள் என்று இராசேஸ்வரி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கறிபாப் மட்டும் வேண்டாம் என்றாள்.

அந்த வாரம் கோப்பு அடுக்க அவள் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை கதவு பூட்டியிருந்தது. படியில் கன்னையா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, போயிட்டான் கா! போன திங்கக்கிழமையே போயிட்டான். பொண்டாட்டி, பிள்ளைங்க, அந்த டீச்சர் அம்மா, எல்லாரும் அமெரிக்காவுல. போலீஸ் ரிப்போர்ட் கூட பண்ணிட்டேன்."

"செயின்ட் ஓஸ்வால்டு பாஸ்போர்ட்டிலயா?"

"அதான் கொடும! அவன் அந்தப் பாஸ்போர்ட் எடுக்கவே இல்லியாம். மலேசிய பாஸ்போர்ட்ல சாதாரண டூரிஸ்ட் விசா. வீடு இருக்கு, பிசினஸ் இருக்கு, ஆபீஸ் இருக்கு, கண்டிப்பா திரும்பி வருவான்னு நம்பி அஞ்சு நிமிஷத்துல முத்திரை குத்திக் குடுத்துட்டாங்களாம்."

ஐம்பத்திரண்டு குடிமக்களைக் கொண்ட தூதரகத்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது தூதர் குடும்பம் ஒன்றுதான். இராசேஸ்வரி கதவைத் திறந்துவிட்டாள். கன்னையா நஷ்ட ஈடாக இரண்டு வடிகட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வீரம்மாவிடம் என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டே இறங்கிப் போனார். அவள் மேசைக்கு முன் உட்கார்ந்தாள். சனிக்கிழமை; மணி பத்தரை; பன்னிரண்டு மணிவரை வகுப்பு நேரம். உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு யாரோ மெதுவாகப் படி ஏறி வந்தார்கள். கறுத்து, பருத்து, ஐம்பது தாண்டிய ஒருவர் வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கொடியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கடவுளே, உண்மையாகவே இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில்.

அவர் பெயர் கிளெமென்ட். கப்பல் சமையல்காரர். போர்ட் கிள்ளானில் நின்ற கப்பலைச் சொந்தக்காரர் அப்படியே கைவிட்டுவிட்டார். கூட இருந்த மாலுமிகளை அவரவர் தூதரகம் வந்து அழைத்துப்போய்விட்டது. நான்கு மாதமாக இவர் மட்டும் துறைமுகத்தில். பாஸ்போர்ட் கப்டனோடு போய்விட்டது. துறைமுக அதிகாரி ஒருவர் டெலிபோன் புத்தகத்தில் இந்த விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க, கோமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருக்கிறார். செயின்ட் ஓஸ்வால்டில் பிறந்தவர்.

அந்தத் தூதரகத்துக்குள் செயின்ட் ஓஸ்வால்டுக்காரர் ஒருவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. இராசேஸ்வரி எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிளாஸ் வடிகட்டிய தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்கள் நம் ஊரா, சிஸ்டர்?" அவர் அப்படி ஆசையாகக் கேட்டார்.

"பாஸ்போர்ட் இருக்கிறது" என்றாள்.

"ஊரில் எங்கே?"

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "ஜாதிக்காய்த் தெரு. பன்னிரண்டாம் நம்பர்."

கிளெமென்ட் கிளாஸை வைத்தார். "ஜாதிக்காய்த் தெருவில் வீடே கிடையாதே. மீனுக்கு ஐஸ் செய்கிற கொட்டகை ஒன்றுதான் இருக்கிறது."

இராசேஸ்வரி இதற்குமேல் மறைக்கவில்லை. முழுவதையும் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ அவளுடைய வகுப்பு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். சுங்கக் கட்டடம் சூறாவளியில் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது என்றார். மீன் சூப் ஹோட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வைப்பது. வீட்டில் ஈரப்பலாக்காயும் கருவாடும்தான். ஹோட்டல் கட்டப்போகிற இடத்தில் ஆடு மேய்கிறது, ஒரு போர்டு மட்டும் நிற்கிறது. அவர் சொல்லச் சொல்ல அவள் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே வந்தாள். தவறான கோப்பை அப்படியே விட அவளால் முடியாது. பிறகு அவர் தன் வீட்டைச் சொல்லத் தொடங்கினார். தகரக் கூரையைச் சொன்னார். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது, அதனால் மழை நாளில் எல்லோரும் சைகையில் பேசுவோம் என்றார். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபடி இராசேஸ்வரி பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று நல்லம்மாளாலும் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை அவள் தட்டெழுத்துப் பொறியின் உறையை நீக்கினாள். தூதரகத்தின் தலைப்பிட்ட தாளில், இலாகாவில் எழுதுகிற அதே நடையில், நாடு திரும்ப வேண்டிய குடிமகன் ஒருவரைப் பற்றிச் செயின்ட் ஓஸ்வால்டின் வெளியுறவு அமைச்சுக்கு எழுதி, தபால் நிலையத்திலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினாள். நான்காம் நாள் பதில் வந்தது. கோலாலம்பூரில் நமக்கு ஒரு தூதரகம் இருப்பதை அமைச்சு இப்போதுதான் அறிகிறது, மகிழ்ச்சி. கிளெமென்ட்டைத் தெரியும், அவர் மனைவி தினமும் வந்து கேட்கிறாள். பயணப் பத்திரம் வழங்க அனுமதிக்கிறோம். தன் பாஸ்போர்ட்டும் அமைச்சுக்குத் தெரியுமா என்று இராசேஸ்வரி கேட்டு எழுதவில்லை.

மயாமி வழியாகத்தான் போக வேண்டும். டிசம்பர் முதல் வாரம் அவரை அழைத்துக்கொண்டு அந்தச் சன்னலுக்கே போனாள். அதே மூக்குக் கண்ணாடி.

"ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

கிளெமென்ட் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மனைவி, ஐந்து பிள்ளைகள், அம்மா, இரண்டு தங்கைகள், தங்கை புருஷன்மாரில் ஒருவன் நல்லவன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கீழ்ச் சுருதிக்கு வேறு ஆள் இல்லை, கிறிஸ்துமஸ் வருகிறது. இரண்டாவது கைக்குப் போனபோது அதிகாரி போதும் என்றார்.

"அமெரிக்காவிலேயே தங்கிவிடும் எண்ணம் உண்டா?"

கிளெமென்ட் சிரித்த சிரிப்பில் பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அங்கே நான் என்ன செய்ய, மேடம்?"

பத்து நிமிஷத்தில் விசா கிடைத்தது. அதிகாரி பத்திரத்தை நீட்டும்போது இராசேஸ்வரியைப் பார்த்தார். "நீங்கள்?"

"இவருடைய தூதரகம்."

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். "உங்கள் அக்கா எப்படி இருக்கிறார்?"

"போன மாதம் காலமாகிவிட்டாள்."

சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்தன. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டதால் சொன்னது கேட்கவில்லை. அதிகாரிக்கும் அது தெரிந்து, பொத்தானில் விரலை வைத்தார். ஆனால் வரிசை நீளமாக இருந்தது. "அடுத்தவர்" என்றார்.

ஒஹாயோவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் கிளெமென்ட்டின் டிக்கெட்டுக்குப் போயிற்று. சுபாங் விமான நிலையத்தில், குடிநுழைவு அதிகாரி அவள் தட்டெழுதிய பத்திரத்தை முன்னும் பின்னும் பார்த்தார். செயின்ட் ஓஸ்வால்டு பத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, கோப்பு எண்கூட இருந்தது. குத்திக் கொடுத்தார்.

கிளெமென்ட் உள்ளே போகுமுன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒருநாள் ஊருக்கு வாருங்கள், சிஸ்டர். ஜாதிக்காய்த் தெரு வேண்டாம், எங்கள் வீட்டுக்கே வாருங்கள்."

அவள் தலையாட்டினாள். ஆங்கிலத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. "போயிட்டு வாங்க" என்று தமிழில் சொல்ல ஆரம்பித்து, "போயிட்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இவர் எதற்குத் திரும்பி வரவேண்டும்? வீட்டுக்கல்லவா போகிறார். கிளம்புகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்று சொல்லக்கூடாது என்றுதான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அம்மாவின் பிணத்தை எடுத்தபோதுகூட அவள் வாய் அதைச் சொன்னதில்லை.

"போங்க" என்றாள். "நேரா வீட்டுக்குப் போங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வெளியே வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று ஒருவரிடம் விசாரித்தாள். அவர், "அந்தப் பக்கம், அக்கா" என்று கை காட்டினார். அன்றைக்கு அதற்குமேல் அவளோடு யாரும் பேசவில்லை.